விளக்குச்சிப்பிக்குப் பெயர் வைத்தது

கடலுயிர்களை ஆராய இந்த நாட்டில் கண்டியைப்போலப் பொருத்தமான ஊர் வேறு கிடையாது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரைநாள் ஆகும். அலைச்சத்தத்தால் யாருக்கும் கவனம் சிதறாது. எங்கள் ஆய்வுகூடம் கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டால், கட்டடம் ஏற்கனவே அங்கே இருந்தது என்பதுதான் பதில். அதற்கு முன் அது தேயிலைக் களஞ்சியம். மழைக்காலத்தில் சுவர் ஈரமாகும்போது பழைய தூள் வாசம் வரும். கடலடிக் குகை உயிர்களை நாங்கள் தேயிலை வாசத்தில்தான் ஆராய்ந்தோம்.

நாங்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஆராய்ந்தவர் மிஸ். நான் கழுவினேன், தூக்கினேன், வாங்கிவந்தேன்.

நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தோம். பிறகு கொழும்பில் சாப்பாட்டுக்கடை, வவுனியாவில் செங்கல் சூளை, திருகோணமலையில் வெள்ளைக்காரர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகும் படகில் காற்றுச் சிலிண்டர் தூக்கும் வேலை. ஒரே இடத்தில் கொஞ்சநாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சில இடங்களில் அது அரிக்கத் தொடங்கும் முன்பே முதலாளி அனுப்பிவிடுவார். இடையில் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, படுத்தேன்.

அந்தத் திருகோணமலைப் படகில்தான் மிஸ்ஸைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், கடலுயிரில் டொக்டர் பட்டம், நீந்தத் தெரியாது. கடலுக்கடியில் இருந்த குகைக்குள் இரண்டு பேரை இறக்கிவிட்டு, அவர்கள் மேலே வரும்வரை படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அவர்கள் கொண்டுவந்தது குகைக் கூரையில் சுரண்டிய முட்டியளவு கற்கள் கொஞ்சம். மிஸ் வாயைத் துடைத்துவிட்டு அந்தக் கற்களை நகைக்கடையில் பெண்கள் பார்ப்பதுபோலப் பார்த்தார். இப்படி ஒரு பைத்தியம் சம்பளத்துக்கு நடக்கிறதென்றால் அங்கே எனக்கும் ஒரு இடம் இருக்கும் என்று தோன்றியது. இருந்தது. கற்களோடு கற்களாக நானும் கண்டிக்கு வந்தேன்.

அந்தக் கற்களில் ஒட்டியிருந்தவை விளக்குச்சிப்பிகள். இங்கிலீசில் பிராக்கியோபொட். பார்வைக்குக் குட்டி மட்டி. ஆனால் மட்டி என்று சொன்னால் மிஸ்ஸின் முகம் மாறிவிடும். மட்டியின் இரண்டு ஓடும் இடதும் வலதும். இதற்கு மேலும் கீழும். கீழ் ஓட்டுக்குப் பழைய எண்ணெய் விளக்குப்போல மூக்கு நீண்டிருக்கும். மூக்கில் ஒரு துளை, துளை வழியே ஒரு காம்பு, காம்பின் நுனி பாறையில். ஒரு காலத்தில் கடல் முழுவதும் இவைதான் இருந்தனவாம். பிறகு மட்டிகள் வந்து நல்ல இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்தவற்றில் சில, யாருக்கும் வேண்டாத குகைக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காலம் தள்ளுகின்றன. லயத்தில் பிறந்தவனுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

எங்களுக்குக் கிடைத்தவை எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை. மொத்தம் ஏழு. அவை இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று மிஸ் நம்பினார்.

வெளி ஓட்டைப் பார்த்து இனம் சொல்லக்கூடாது, உள்ளே பார்க்கவேண்டும் என்று அவர் முதல்நாளே சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே எனக்கு அந்தத் துறைமேல் மரியாதை வந்தது. என்னுடைய பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது. நான் இந்தியாவைப் பார்த்தது கிரிக்கெட்டில் மட்டும்தான். உள்ளே யாரும் பார்க்கவில்லை.

சிப்பிக்கு உள்ளே பார்க்கும் முறை இது: வெள்ளைத்துணிக்குப் போடும் ப்ளீச்சில் ஊறவைக்கவேண்டும். தசையெல்லாம் கரைந்துபோகும். மேலோட்டின் உட்பக்கம் ரிப்பன்போல ஒரு மெல்லிய சுண்ணாம்பு வளையம் மிஞ்சும். உயிரோடிருந்தபோது சாப்பாடு பிடிக்கும் தும்புகளைத் தாங்கி நின்ற வளையம் அது. எந்தக் குடும்பம், எந்த வகை என்பதெல்லாம் அந்த வளையத்தின் வடிவத்தில் இருக்கிறது. கோடிக்கணக்கான வருடத்துச் சரித்திரத்தை அக்குறணையில் வாங்கிய ப்ளீச் போத்தல் வெளியே கொண்டுவந்துவிடும்.

அக்குறணைக் கடை முதலாளி முஸ்லிம், அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு என்மேல் சந்தேகம்.

“இவ்வளவு ப்ளீச்சு வாங்கிட்டுப் போறீங்க, உங்கட உடுப்ப பார்த்தா அப்பிடித் தெரியல்லியே தம்பி” என்றார் ஒருநாள்.

“சிப்பி கழுவுறதுக்கு நானா.”

“சிப்பியா? கண்டியிலயா? தின்றதுக்கா?”

“பேர் வைக்கிறதுக்கு.”

அவர் மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “கழுவிட்டுத்தான் பேர் வைக்கணுமா? எங்கட ஊட்டுலயும் அப்பிடித்தான்” என்று கொடுத்துவிட்டார்.

இனிப் பெயர் விவகாரம். புது இனத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை, ஆனால் சிரிப்பார்கள். அதனால் படித்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நான் உன் பெயரை என் நண்டுக்கு வைக்கிறேன், நீ என் பெயரை உன் நத்தைக்கு வை. கல்யாண வீட்டு மொய்தான், வேறொன்றுமில்லை. ஆம்பளைப் பெயர் என்றால் கடைசியில் ஒரு இலத்தீன் வால், பொம்பளைப் பெயர் என்றால் வேறொரு வால். ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் அந்தப் பெயரை எவரும் மாற்றமுடியாது. வைத்தவரே நினைத்தாலும் முடியாது.

எங்கள் ஆய்வுகூடத்துத் தலைவரான பணிப்பாளருக்கு அந்தக் கடைசி விஷயம் மிகவும் பிடித்திருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கடலைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு, மீன் சாப்பிட்டால் தோலில் தடிப்பு வரும் என்பது. தினமும் மிஸ்ஸின் அறைக்கு வந்து நின்றுகொண்டு பேசுவார்.

“டொக்டர், நான் பேருக்கு ஆசைப்படுற ஆளில்ல. உங்களுக்கே தெரியும். ஆனா இந்த இடத்துக்கு ஒரு கௌரவம்னு பாத்தா, இடம்னா யாரு? ஒரு வகையில நான்தானே?”

“ஓம் சேர். ஆனா கட்டுரை எழுதினவையின்ர பட்டியலிலயும் உங்கட பேர் இருக்கு. இரண்டிலயும் வந்தா வாசிக்கிறவை சிரிப்பினம்.”

அவர் யோசித்தார். எழுதியவர் பட்டியலை நூறு பேர் வாசிப்பார்கள், சிப்பியின் பெயர் உலகம் அழியும்வரை இருக்கும். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதைத் தியாகம் என்றும் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமே ஒரு சிப்பியின் படத்தைக் கண்டி டவுனில் கதவளவுக்குப் பெருப்பித்துச் சட்டம் போட்டுக் கூட்ட மண்டபத்தில் மாட்டவைத்தார். ஆணி அடித்தது நான். படத்தின் கீழே பித்தளைத் தகடு. தகட்டில் எழுத்து இல்லை. காத்திருந்தது.

மிஸ்ஸுக்குப் பெயரில் ஆர்வமில்லை. அவருக்கு வேலை வேண்டும். அவருடைய பதவி தற்காலிகமானது. ஒவ்வொரு மார்கழியும் பணிப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. இந்தமுறை, புது இனம் என்று கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டால் மட்டுமே கையெழுத்து என்று சொல்லியாகிவிட்டது. இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, தகரக் கொட்டகையில் மைக் பிடித்து முந்நூறு பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூசன். அதை அவர் ஏற்கனவே செய்திருக்கிறார். தொண்டையில் கட்டி வந்து நிறுத்தியவர். என் சோறும் அவருடைய வேலையோடுதான் ஒட்டியிருந்தது. காம்பு மாதிரி.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போனது. அவர்கள் அதை ஒரு நிபுணருக்கு அனுப்பினார்கள். சிப்பியை நேரில் பார்க்காத அந்த மனிதர் எழுதிய பதில் சுருக்கமாக இருந்தது: இவை புது இனமல்ல, ஏற்கனவே தெரிந்த பெரிய சிப்பியொன்றின் குஞ்சுகள். விளக்குச்சிப்பி வளர வளர உள்ளே இருக்கும் வளையமும் உருமாறும். உங்கள் வளையம் வித்தியாசமாக இருப்பது அது இன்னும் முழுதாக வளராததால்தான்.

மிஸ் அதை வாசித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

“அந்தாள் சொல்லுறது ஞாயம்தான் அண்ணை. எத்தனையோ பேர் குஞ்சுக்குப் புதுப் பேர் வச்சு மானம் போயிருக்கு.”

“பாக்காமலேயே எப்படி மிஸ் குஞ்சுன்னு சொல்றாரு?”

“படத்தைப் பாத்துச் சொல்லுறார்.”

“எங்க தோட்டத்துல கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளந்தான் குடுப்பாங்க. முழுநாள் மலையில நின்னுருப்போம். அந்தக் கணக்குத்தானா இதுவும்?”

அவர் சிரித்தார். அன்று சிரித்தது அந்த ஒருமுறைதான்.

செய்தி பணிப்பாளருக்குப் போய்ச்சேர அதிக நேரம் ஆகவில்லை. அன்று பின்னேரமே வந்தார். நிற்கவில்லை, கதிரையில் உட்கார்ந்தார்.

“நான் முந்தியே சொன்னேனே டொக்டர், நான் பேருக்கு ஆசைப்படுற ஆளில்லன்னு. குழந்தைக்கெல்லாம் என் பேர் எதுக்கு? உங்க ஊர்ல ஏதாவது பேர் பாத்து வைங்க.” வெளியே போகும்போது என் தோளைத் தட்டி, “அந்தப் படத்தக் கழட்டி வைங்க, சுவர் ஈரமா இருக்கு” என்றார். சுவர் தேயிலைக் காலத்திலிருந்தே ஈரமாகத்தான் இருந்தது. கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஆணியை விட்டுவிட்டேன். அவரை எனக்குத் தெரியும்.

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். “பெரிய ஆளுன்னு எப்படித்தான் மிஸ் காட்டுறது? அடையாள அட்டையா இருக்கு?”

“ஒரு வழி இருக்கு. இந்தக் குடும்பத்துச் சிப்பியள் சிலது குஞ்சை வயித்துக்குள்ளயே வச்சு வளக்கும். சின்னப் பை மாதிரி ஒண்டு இருக்கும். அதுக்குள்ள குஞ்சு இருந்தால் அது தாய். தாயைக் குஞ்செண்டு ஒருத்தரும் சொல்லேலாது.”

“அப்ப திறந்து பாத்திரலாமே.”

அவர் ப்ளீச் போத்தலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஏழில் ஆறை நாங்கள் கழுவிவிட்டோம். வளையம் படத்தில் சுத்தமாகத் தெரியவேண்டும் என்று, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல, தசை, பை எல்லாவற்றையும் கரைத்துக் குழாயடியில் ஊற்றிவிட்டோம். அவற்றில் எத்தனை தாய், எத்தனை குஞ்சு என்று இனி மகாவலி ஆற்றிடம்தான் கேட்கவேண்டும். அழகான படம் இருந்தது. ஆதாரம் சாக்கடையில் போயிருந்தது.

மிச்சம் ஒன்று. அது மூலமாதிரி. புது இனத்துக்கு அதிகாரபூர்வமான ஆள் அதுதான். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டவேண்டியது. அதனால் எல்லாவற்றிலும் நல்லதாகப் பார்த்து, ஓடு மூடியபடியே, மதுசாரத்தில் போட்டுத் தனியாக வைத்திருந்தார். அந்த மதுசாரத்தை வாங்க மதுவரித் திணைக்களத்துக்கு நாங்கள் அலைந்தது வேறு விஷயம். எள்ளளவு சிப்பிக்கு ஊற்றத்தான் என்று நான் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. இப்போதும் நம்பியிருக்கமாட்டார்கள்.

திரும்பக் கடலுக்குப் போய் வேறு சிப்பி கொண்டுவரலாம்தான். ஆனால் கிழக்கில் மழையும் காற்றும் தொடங்கியிருந்தது. படகுகள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடல் அடங்கப் பங்குனி ஆகும். கையெழுத்து மார்கழியில்.

“திறந்தா ஓடு நொறுங்கிடுமா மிஸ்?”

“நொறுங்கலாம். முட்டைக் கோதைவிட மெல்லிசு. உள்ள ஒண்டும் இல்லாட்டி, குஞ்செண்டு அவர் சொன்னதும் சரியாப் போகும், காட்டுறதுக்கு ஒரு முழுச்சிப்பியும் இராது.”

“திறக்காட்டி?”

“திறக்காட்டி ரியூசன்தான்.”

இரண்டு நாள் அந்தக் குப்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலை வந்தவுடன் கைப்பையைக்கூட வைக்காமல், “திறப்பம் அண்ணை” என்றார்.

நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். ஒரு கையில் சவர அலகின் உடைந்த துண்டு, மறுகையில் ஊசி. வழக்கம்போல அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நாடு என்று ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள் என்று அவ்வப்போது அது நினைவூட்டும். நான் போனின் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வெளிச்சம் ஆடுது அண்ணை.”

“உங்க ஊசி ஆடலியே மிஸ், அது போதும்.”

“கதையாதேங்கோ.”

அலகின் நுனி இரண்டு ஓட்டுக்கும் நடுவே போனது. எனக்கு வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தூசியை ஒரு பெண் குத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. உலர்ந்த தேயிலை இலை காலில் மிதிபடும் சத்தம். மிஸ் அசையவில்லை.

“உடைஞ்சிருச்சா?”

“மேலோடு இரண்டாப் போச்சு.”

“போச்சா எல்லாம்?”

அவர் கண்ணை எடுக்காமலே இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, “நீங்களே பாருங்கோ” என்றார். குரலில் இருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

டோர்ச்சை அவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். முதலில் என் சொந்த இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. உடைந்த ஓட்டுக்குக் கீழே, ஈரமான தசைக்கு நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பை. பைக்குள் ரவையை அள்ளிப்போட்டமாதிரி வெள்ளை வெள்ளையாக மணிகள். சிலவற்றுக்குத் தலை என்று ஒன்று வேறாகத் தெரிந்தது.

“மிஸ், இது புள்ளத்தாச்சி.”

“ஓம்.”

“குஞ்சுன்னாங்களே மிஸ், இதுக்குள்ள ஒரு பள்ளிக்கூடமே இருக்கு.”

அவர் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வெளிச்சத்தை ஏன் சும்மா காட்டிக்கொண்டு நிற்கிறோம், பற்றரி போகும் என்று டோர்ச்சை அணைத்துவிட்டார்.

புதுப் படங்களோடு பதில் போனது. வெளிநாட்டு நிபுணர் இந்தமுறை இரண்டு வரியில் எழுதினார்: தாய் என்பதில் சந்தேகமில்லை, வாழ்த்துகள். பெரிய மனுசன். பார்க்காமல் மறுத்ததுபோலவே பார்க்காமல் ஒத்துக்கொண்டார்.

வாழ்த்து வந்த செய்தி பரவியதும் பணிப்பாளர் வந்தார். நின்றார்.

“நான் அன்னிக்கே நினைச்சேன் டொக்டர், அது வளந்த சிப்பிதான்னு. முகத்துல ஒரு முதிர்ச்சி இருந்துச்சே. சரி, பேர் விசயம்... நான் வேணாம்னு சொன்னது உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.” பிறகு என்னைப் பார்த்து, “அந்தச் சுவர் இப்ப காஞ்சிருக்கும், இல்ல?” என்றார்.

அவர் போனபின் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “குழந்தைன்னதும் கைகழுவிட்டுப் போன மனுசன். குகைப் பேர வைங்க மிஸ், மீன்காரங்க சொல்ற பேரு. இல்ல உங்க அம்மா பேர வைங்க.”

“அவற்ற பேரைத்தான் வைக்கப்போறன்.”

“என்னா மிஸ் நீங்க!”

“அண்ணை, எனக்கு வேலை வேணும். சிப்பிக்கு என்ன பேர் வச்சாலும் அது திரும்பிப் பாக்கப்போறதில்லை.” நுணுக்குக்காட்டிக்கு உறை போட்டுவிட்டு, “ஆனா மண்டபத்தில மாட்டுற படம் பழசு இல்லை. நான் தாற படம்” என்றார்.

மார்கழியில் கையெழுத்து விழுந்தது. மாசியில் கட்டுரை அச்சில் வந்தது. பணிப்பாளரின் பெயர், ஆம்பளை வாலோடு, எவராலும் மாற்றமுடியாதபடி, ஒரு புள்ளத்தாச்சிச் சிப்பியின்மேல் ஏறிக்கொண்டது. புதுப் படம் பழையதைவிடப் பெரிது. மேலோடு இரண்டாகப் பிளந்து, பை இரண்டும் திறந்து, வெள்ளை மணிகள் நிறைந்து, கீழே பளபளவென்று பித்தளையில் அவர் பெயர். அவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். உள்ளே இருப்பது என்ன என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பங்குனியில் அக்குறணை முஸ்லிம் பள்ளிக்கூடமொன்றிலிருந்து பிள்ளைகள் சுற்றிப்பார்க்க வந்தார்கள். பணிப்பாளரே மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். மிஸ் கதவடியில் நின்றார். முன்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கையைத் தூக்கியது.

“சேர், இதுட வயித்துல வெள்ளையா இருக்கிறது என்ன?”

“அதா? அது... அதுதான் மகள் இந்த இனத்தோட சிறப்பு. டொக்டர் சொல்லுவாங்க.”

“குஞ்சுகள்” என்றார் மிஸ்.

பிள்ளை படத்தைப் பார்த்தது, தகட்டை எழுத்துக்கூட்டி வாசித்தது, பணிப்பாளரின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தது. திரும்பவும் படத்தைப் பார்த்தது.

“அப்ப இது உம்மாவா சேர்?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பணிப்பாளர் முதல்தடவையாகத் தன் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

“டொக்டர், இந்தப் பேரை...”

“ஏலாது சேர்” என்றார் மிஸ். “அச்சில வந்திட்டுது.”